கைத்தடியால் குதித்த வாத்து: 90ஸ் கிட்ஸ் மறக்காத 'டக் டேல்ஸ்' கேம்... இப்போது எங்கே?

கோடை விடுமுறை வந்தாலே 90-களில் டிவி முன்னால் இடம் பிடிக்கச் சண்டைதான். மஞ்சள் நிற கேசட்டை மாட்டி, சேனலைத் திருகி, படம் வந்ததும் முதல் கேள்வி, "எனக்கு எப்போடா சான்ஸ்?" அந்த கேசட்டுகளில் மரியோ, கான்ட்ராவுக்கு அடுத்து பலரும் தேடியது டிவியில் பார்த்த கார்ட்டூன் பாத்திரங்களை. அதில் முக்கியமானது 'டக் டேல்ஸ்'.

எந்த மெஷினில் ஓடியது?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் 'ஃபேமிகாம்' என்ற 8-பிட் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் அது என்.இ.எஸ். என்ற பெயரில் விற்பனையானது. நம்மூர் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதே தொழில்நுட்பத்தைப் பின்பற்றிய நகல் கருவிகள். நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்: 'டிவி கேம்'.

டக் டேல்ஸில் என்ன விசேஷம்?

டிஸ்னியின் கார்ட்டூன் தொடர் 1987-ல் தொடங்கியது. அதை வைத்து கேப்காம் நிறுவனம் 1989-ல் இந்த கேமை வெளியிட்டது. பணக்கார வாத்து ஸ்க்ரூஜ் மெக்டக், கைத்தடியை ஸ்பிரிங் போல ஊன்றிக் குதித்துப் புதையல் தேடுவார். அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலா என ஐந்து இடங்கள். எதை வேண்டுமானாலும் முதலில் ஆடலாம்.

தூர்தர்ஷனில் இந்தத் தொடர் இந்தியில் ஒளிபரப்பானது. வசனம் புரியாத தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் கேம் புரிந்தது. குதிக்க மொழி தேவையில்லையே!

படம் ஏன் கட்டம் கட்டமாக இருந்தது?

இதற்குப் பதில் காஞ்சிபுரம் செவிலிமேடு பக்கம் தறி பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். சேலையின் புட்டாவை முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். பிறகு அதை ஜக்கார்டு அட்டையில் ஓட்டைகளாகக் குத்துவார்கள். ஓட்டை இருந்தால் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது.

கேமிலும் அதே கணக்குதான். 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களை அடுக்கித்தான் ஸ்க்ரூஜ் உருவம் வரும். ஒரு கட்டத்துக்கு மூன்று நிறங்கள் மட்டுமே. மொத்த கேமும் 128 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரிது.

கேசட்டை ஊதினா ஓடுமா?

எல்லோரும் ஊதினார்கள், ஓடவும் செய்தது. ஆனால் காரணம் ஊதியது அல்ல. கழற்றி மாட்டும்போது உலோக முனைகள் சரியாகப் பொருந்தியதுதான். வாயின் ஈரம் அந்த முனைகளை அரிக்கும் என்பதால், ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொன்னது. பழைய கேசட் வீட்டில் இருந்தால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைப்பதே நல்லது.

கார்ட்டூன் கேம்கள் ஏன் காணாமல் போகின்றன?

இவற்றுக்கு இரண்டு உரிமையாளர்கள். கேம் ஒருவருடையது, பாத்திரம் இன்னொருவருடையது. இருவருக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடிந்தால், நன்றாக ஓடும் கேமையும் விற்க முடியாது.

டக் டேல்ஸ் 2013-ல் புதிய வடிவில் வந்தது. பழைய தொடரில் ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்த ஆலன் யங், 93 வயதில் மீண்டும் பேசினார். அந்தப் பதிப்பு 2019 ஆகஸ்டில் ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2020 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அதைப் புதிதாக டவுன்லோடு செய்து வாங்க வழியில்லை.

இப்போது விளையாட முடியுமா?

1989-ம் ஆண்டின் அசல் கேம், 2017-ல் வெளியான 'டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்ஷன்' தொகுப்பில் மேலும் ஐந்து கேம்களுடன் இருக்கிறது. தோற்றால் சில நொடிகள் பின்னோக்கிப் போகும் வசதியும் உண்டு. அன்று மூன்று லைஃபும் போனால் அடுத்தவர் கைக்கு ஜாய்ஸ்டிக் போய்விடும்!

நிலா கட்டத்தின் இசைக்கும் ஓய்வில்லை. ஹிரோஷிகே டோனோமுரா அமைத்த அந்த மெட்டு, 2017-ல் தொடங்கிய புதிய டக் டேல்ஸ் தொடரில் ஒரு தாலாட்டாகவே ஒலித்தது. பரணில் பழைய கேசட் கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். உரிமம் முடிந்தாலும் அது ஓடும்.