அப்பப்பாவின் வில்லுக்கத்தியில் இல்லாத பெயர்கள்

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, அப்பப்பாவின் அலுமாரியை ஒதுக்கித் தரச்சொல்லி அப்பம்மா கேட்டா. அடித்தட்டில் இருந்த பிஸ்கட் பேணிக்குள் பழைய சாவிகள், கண்ணாடிக் கூடு, கூப்பன் மட்டைகளோடு ஒரு வில்லுக்கத்தியும் கிடந்தது. கொம்புப் பிடி. அலகு முழுக்கக் கறள். அலகின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளில் 'ஷெபீல்ட்' என்ற சொல்லை மட்டும் வாசிக்க முடிந்தது.

"உது எந்த நேரமும் மனுசன்ர மடியிலதான் கிடக்கும். மாங்காய் வெட்டுறதும் உதாலதான், காலில குத்தின முள்ளெடுக்கிறதும் உதாலதான். 96இல திரும்பி வந்தாப்பிறகு, உதோட றோட்டில திரிய வேண்டாமெண்டு நான்தான் பூட்டி வைச்சனான்" என்றா அப்பம்மா.

நான் வரலாறு படிக்கிற பிள்ளை. சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடப்போனேன். ஒரு அழகான பழைய பொருளின் கதையைத் தேடிப் போய், கடைசியில் தூசிக்குள் போய் நின்றேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மடக்குக்கத்தி, பேனாக்கத்தி என்றும் சொல்கிறோம். ஆனால் 'வில்லுக்கத்தி' என்ற பெயர்தான் அந்தக் கத்தி வேலைசெய்கிற விதத்தையே சொல்லுகிறது. பிடியின் முதுகுப் பக்கத்தில் ஒரு உருக்குத் தகடு வில்லுப்போல அழுத்திக்கொண்டு நிற்கும். அலகை நகத்தால் இழுத்தால் அந்த வில் மேலெழும்பி, பிறகு 'டக்' என்று இறங்கி அலகைப் பிடித்துக்கொள்ளும். பூட்டு எதுவும் இல்லை. கொஞ்சம் பலமாக அமத்தினால் திரும்ப மடங்கிவிடும். 'பேனாக்கத்தி' என்ற பெயருக்குள்ளும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி அது. எங்களுடைய பக்கத்திலும், ஓலை வார ஒரு கத்தியும் எழுத ஒரு எழுத்தாணியும் ஒரே பிடிக்குள் மடங்குகிற மடக்கெழுத்தாணிகள் இருந்தன. எழுதத் தெரிந்தவன் கத்தியோடு திரிந்த காலம் அது.

இன்றைக்கும் உலகத்தில் கனபேர் இப்படியான பழைய மாதிரிக் கத்தி ஒன்றைத் தினமும் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். கையிலே கத்தி, பக்கத்தில் ஒரு அப்பிள் பழம் என்று படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுகிறார்கள். பழப்புளி பட்டுப்பட்டு அலகில் ஏறுகிற நீலச்சாம்பல் நிறத்தை ரசிக்கிறார்கள். வில் இறங்கும்போது வருகிற சத்தத்தை வைத்தே கத்தியின் தரத்தை அளக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்குச் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, அலகின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பூட்டு விழுகிற கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று 1990களில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அங்கே பழைய வில்லுக்கத்திதான் பிரச்சினை இல்லாத கத்தி.

அந்தக் கத்தியின் தாய்வீடுகளில் ஒன்று ஷெபீல்ட். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோசர் எழுதிய கன்டபரி கதைகளில் ஒரு ஆலைக்காரன் வருகிறான். அவன் காலுறைக்குள் செருகிக்கொண்டு திரிவது ஒரு ஷெபீல்ட் கத்தி. அப்போதே ஊர்ப்பெயர் சொன்னால் விளங்குகிற அளவுக்கு அது பிரபலம். 1624இல் அங்குள்ள கத்திக்காரருக்கென்று நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சங்கமே அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்ற மணிக்கூட்டுக்காரர், மணிக்கூட்டு வில்லுக்கு நல்ல உருக்குத் தேடிப்போய், மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். நல்ல வில்லும் நல்ல அலகும் செய்ய அந்த உருக்கு பெரிய உதவியாக இருந்தது.

ஆனால் ஒரு கத்தியை ஒரு ஆள் செய்வதில்லை. அலகை அடிக்கிறவர் ஒருவர். சாணை பிடிக்கிறவர் இன்னொருவர். பிடி போட்டு, வில் பொருத்தி, ஆணி அடித்து முடிக்கிறவர் மூன்றாமவர். பெரிய முதலாளிகளின் தொழிற்சாலைகள் இருந்தாலும், வேலையில் பெரும்பங்கு 'லிட்டில் மெஸ்டர்' என்று அழைக்கப்பட்ட சின்னச் சின்னத் தொழிலாளிகளிடம் போகும். ஒரு அறையையோ ஒரு சாணைக்கல்லுக்கான இடத்தையோ வாடகைக்கு எடுத்து, துண்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் செய்வார்கள். பிடிக்குரிய கொம்பு இந்தியக் காடுகளில் மரைகள் உதிர்த்தது. யானைத் தந்தம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. ஒரு சின்னக் கத்திக்குள் ஒரு சாம்ராச்சியமே மடங்கிக் கிடந்தது.

இதில் சாணை பிடிக்கிறவரின் கதைதான் என்னை நிப்பாட்டி வைத்தது.

சாணைக்கல் என்பது மணற்கல். முன்பு அது ஆற்றுத் தண்ணீரில் சுழன்றது. மழை இல்லாத காலத்தில் ஆறு வற்றினால் வேலையும் நிற்கும், நெஞ்சுக்கும் ஓய்வு கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி வந்தது. பிறகு கல் வருசம் முழுக்கச் சுழன்றது. பட்டணத்துக்குள்ளே, மூடின அறைகளில், நெருக்கமாகப் பல கற்கள். தொழிலாளி மரக்குதிரை போன்ற இருக்கையில் ஏறியிருந்து, கல்லுக்கு மேலே குனிந்துதான் வேலை செய்யவேண்டும். உருக்குத்தூளும் கல்தூளும் நேரே முகத்துக்கு வரும். சிலவேளை கல்லே வெடித்து ஆளைக் கொன்றுவிடும்.

அவர்களுக்கு வந்த வருத்தத்தை அந்த ஊரில் 'சாணைக்காரரின் முட்டு' என்ற அர்த்தம் வருகிற பெயரால் அழைத்தார்கள். ஷெபீல்ட் வைத்தியர் நைற் 1830இல் இதைப்பற்றி எழுதினார். அவர் சொன்னதை எடுத்து, 1845இல் வெளியான 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை' என்ற புத்தகத்தில் பயன்படுத்தினார் ஏங்கெல்ஸ். அப்போது அவருக்கு 24 வயது. எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அந்தக் கணக்கின்படி ஷெபீல்டில் சாணைத் தொழிலாளர் ஏறக்குறைய 2,500 பேர். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த கல்லில் முள்ளுக்கரண்டி தீட்டுகிறவர்கள் 28க்கும் 32க்கும் இடையில் சாகிறார்கள். சவரக்கத்தி தீட்டுகிறவர்கள் 40க்கும் 45க்கும் இடையில். ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டுகிறவர்கள் 40க்கும் 50க்கும் இடையில்.

முதல் கணக்கைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். 14 வயதில் வேலைக்குப் போய், 30 வயதில் முடிந்துபோகிற வாழ்க்கை.

தடுக்க வழியே இருக்கவில்லையா? இருந்தது. 1820களில் ஆபிரகாம் என்ற ஷெபீல்ட் பள்ளிக்கூட ஆசிரியர், காந்தத்தால் தூளைப் பிடிக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதற்குத் தங்கப்பதக்கமும் கிடைத்தது. ஆனால் காந்தம் உருக்குத்தூளைத்தான் பிடிக்கும். நெஞ்சை அரித்தது கல்லில் இருந்த சிலிக்கா. பிறகு தூசியை இழுத்து வெளியே தள்ளும் விசிறிகள் வந்தன. தொழிலாளர் பலர் அவற்றையும் வேண்டாம் என்றார்கள். சில இடங்களில் பாதுகாப்புக் கருவிகளை அடித்து உடைத்தார்கள்.

இதை முதலில் வாசித்தபோது 'என்ன மடைத்தனம்' என்றுதான் நினைத்தேன். காரணத்தை வாசித்தபிறகு அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சாகிற தொழில் என்பதால்தான் கன ஆட்கள் அந்த வேலைக்கு வருவதில்லை. ஆட்கள் குறைவென்பதால்தான் கூலி கொஞ்சம் நிற்கிறது. தூசி போனால் எல்லாரும் வருவார்கள், கூலி விழும், பிள்ளைகள் பட்டினி. அதாவது அவர்களுடைய கூலியைத் தாங்கிப் பிடித்தது அவர்களுடைய சாவு. இப்படி ஒரு கணக்கைப் போடவேண்டிய நிலையில் ஆட்களை வைத்திருந்த ஒழுங்கைத்தான் நாங்கள் மடைத்தனம் என்று சொல்லவேண்டும்.

அதே பயம் வேறு விதமாகவும் வெடித்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டாதவனின் சாணைச் சக்கரத்து வாரை இரவில் களவெடுப்பது அங்கே ஒரு வழக்கமாக இருந்தது. 1866இல் ஒரு வாள் சாணைத் தொழிலாளியின் வீட்டுக்கு வெடிமருந்து வைத்தார்கள். அடுத்த வருசம் அரசாங்க விசாரணை வந்தது. வாள் சாணைக்காரர் சங்கத்தின் செயலாளர் வில்லியம் புரோட்ஹெட், ஆள் வைத்துச் சுடுவித்ததைக்கூட அங்கே ஒப்புக்கொண்டார். அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வன்முறையைச் சரித்திரம் எழுதி வைத்த அளவுக்கு, கல்தூசியின் வன்முறையை எழுதி வைக்கவில்லை. துவக்குச் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். இருமல் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் கேட்கும்.

இதே காலத்தில்தான் ஷெபீல்ட் கத்தி உலகத்தை ஆண்டது. 1682இல் பதிந்த நட்சத்திரமும் சிலுவையும் கொண்ட முத்திரையோடு ஜோசப் றொட்ஜேர்ஸ் நிறுவனத்தின் கத்திகள் காலனி நாடுகளெல்லாம் போயின. 1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்கு, அலகும் கருவியுமாக 75 உள்ள ஒரு இராட்சதக் கத்தியை அந்த நிறுவனம் செய்து வைத்தது. ஷெபீல்டின் பேரைத் திருடிப் போலிக்கத்தி விற்கிறார்கள் என்ற சண்டை பெருத்து, 1887இல் சரக்கு முத்திரைச் சட்டமும் வந்தது. வெளிநாட்டுச் சாமான் எங்கே செய்தது என்று அதில் போடவேண்டும் என்ற கட்டாயம் அப்படித்தான் தொடங்கியது. பார்த்தீர்களா, பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது. அது முதலாளியின் பெயர். அலகைத் தீட்டினவனின் பெயர் எந்தக் கத்தியிலும் இல்லை.

20ஆம் நூற்றாண்டில் மணற்கல்லின் இடத்துக்குச் செயற்கைச் சாணைக்கற்கள் வந்தன. கறள் பிடிக்காத உருக்கை 1913இல் அதே ஷெபீல்டில் ஹரி பிறியேர்லி உருவாக்கினார். நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான கத்திகள் வந்து குவிய, பழைய பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுப்பட்டன. 1926இல் பிறந்து, பதின்ம வயதிலேயே தொழிலுக்கு வந்த ஸ்ரான் ஷோ, கைவேலையாக வில்லுக்கத்தி செய்த கடைசித் தலைமுறையின் பெரிய பெயர். 94 வயதுவரை வாழ்ந்து 2021இல் இறந்தார். கத்திப் பிரியர்கள் அவருடைய பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அவருக்கு அது தகும். ஆனாலும் 28 வயதில் செத்துப்போன ஒருவருடைய பெயரையாவது எங்களால் சொல்ல முடியாது. தொழில் அழிகிற நேரத்தில் கடைசியாக நின்றவரைத்தான் நாங்கள் கலைஞர் என்கிறோம். தொழில் ஓஹோ என்று ஓடின காலத்தில் செத்தவர்கள் வெறும் எண்ணிக்கை.

இது பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். டெனிம் காற்சட்டையைப் பழசுமாதிரிக் காட்ட மணல் வீசி அடித்த துருக்கிப் பெடியன்களுக்கு இதே சிலிக்கோசிஸ் வருத்தம் வந்தது. 2009இல் அங்கே அந்த முறையைத் தடைசெய்தார்கள். குசினி மேசைக்குப் போடும் செயற்கைக் குவாட்ஸ் கல்லை வெட்டினவர்களுக்கும் அதே வருத்தம். அவுஸ்திரேலியா 2024 யூலையில் அந்தக் கல்லையே தடைசெய்தது. பழசாய்த் தெரிகிற காற்சட்டையும் மினுங்குகிற குசினியும் எங்களுக்கும் விருப்பம்தானே.

அந்தக் கத்தியை நான் இப்போது கம்பஸ் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் போட்டு ஒரு கிழமை வைத்த பிறகு வில் அசைந்தது. 'டக்' என்ற சத்தமும் வந்தது. அறை நண்பன் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆற்ற கத்தி மச்சான்?" என்று கேட்டான்.

"அப்பப்பான்ர" என்றேன்.

கொம்புப் பிடி அவருடைய பெருவிரல் படுகிற இடத்தில் தேய்ந்திருந்தது. அதை அவனுக்குக் காட்டினேன். அலகில் கறளுக்குக் கீழே, சாணைக்கல் ஓடின மெல்லிய கோடுகளும் சரிவாகத் தெரிந்தன. அவை யாருடையவை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை.