புனே வாடாக்களும் வீட்டுக்குள் இருக்கும் காற்றும்

1896-ல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், சில மாதங்களிலேயே புனேவுக்கும் வந்துவிட்டது. 1897-ன் தொடக்கத்தில் தடுப்புப் பணிக்குத் தலைவராக அமர்த்தப்பட்ட வால்டர் சார்லஸ் ராண்ட், பட்டாளத்தை வீடு வீடாக அனுப்பினார். சிப்பாய்கள் பூஜையறை, அடுப்படி என்று பாராமல் நுழைந்து நோயாளிகளைத் தேடினார்கள், சாமான்களை எரித்தார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்த நடவடிக்கைகளுக்கு அடியில் கிடந்த கருத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அழுக்கும் கெட்ட காற்றும்தான் நோய்க்கு வேர் என்றும், இருட்டறைக்குள் காற்றும் வெயிலும் புகுந்தால் நோய் ஓடிவிடும் என்றும் அன்றைய அதிகாரிகளில் பலர் நம்பினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, 1898-ல், பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் செய்த சோதனை எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியைக் காட்டிக்கொடுத்தது. கூடத்தில் எவ்வளவு காற்று அடித்தாலும் சுவர்ப்பொந்தில் நோய் கொண்ட எலி இருந்தால் பிளேக் வரத்தான் செய்யும். வீட்டுக் காற்றைப் பற்றிய எந்தப் பேச்சிலும் முதலில் கேட்க வேண்டியது ‘கெடுதல் எங்கிருந்து வருகிறது?’ என்பதே. ‘எவ்வளவு காற்று விடலாம்?’ என்பது அதற்குப் பிறகுதான். புனேயின் வீடுகள் முந்நூறு ஆண்டுகளில் மாறிய விதமே இதற்குச் சாட்சி.

பேஷ்வாக்கள் புனேயை ஆண்ட காலத்துப் பெரிய வீடுதான் வாடா. அதன் உடம்பைப் பாருங்கள். அடியில் கருங்கல் மேடை. அதன்மேல் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த சட்டகம், இடையிடையே செங்கல்லும் மண்ணும். மேற்பூச்சு சுண்ணாம்பு அல்லது மண், தரை பல அறைகளில் சாணம் மெழுகியது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய விஸ்ராம்பாக் வாடாவின் மரமுகப்பில் அந்தத் தச்சர்களின் கைவேலையை இன்றும் நின்று பார்க்கலாம். நம் செட்டிநாட்டு வீட்டைப் போலவே நடுவில் முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போக, தெருப்பக்கத்துக் காற்று உள்ளே வரும். ஆனால் முற்றத்தை மட்டும் புகழ்வது போதாது. அந்தச் சுவரில் ஆவியாகி மூக்கில் ஏறும் பொருள் ஏறக்குறைய இல்லை. சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மழைக்கால ஈரத்தை உள்வாங்கி, வெயில் வந்ததும் விட்டுவிடும். தேக்குக்கும் வாசம் உண்டுதான், ஆனால் பலகைகளை ஒட்டவைக்கப் பிசின் எதையும் அங்கே கொட்டவில்லை.

அப்படியானால் வாடாவில் சுத்தமான காற்று இருந்ததா என்றால், இல்லை. விறகடுப்புப் புகை இருந்தது. அதை நாள்தோறும் குடித்தவர்கள் பெண்கள். அந்தப் புகை எவ்வளவு கொடியது என்பதை 1980-களில் குஜராத் கிராமங்களில் ஆய்வாளர் கிர்க் ஸ்மித்தும் உடன் சென்றவர்களும் அளந்து காட்டிய பிறகுதான் உலகம் காதுகொடுத்தது. உள்ளறைகள் இருட்டாகவும் இருந்தன. மண்சுவர் எலிக்கு வசதி. தேக்கு நெருப்புக்கு வசதி: 1828-ல் பேஷ்வாக்களின் கோட்டையான சனிவார் வாடாவின் மாளிகைகள் எரிந்துபோயின. மண் வெள்ளத்தைத் தாங்காது: 1961 ஜூலை 12-ல் பான்ஷேத் அணை உடைந்தபோது ஆற்றோரப் பேட்டைகளில் எத்தனையோ வாடாக்கள் கரைந்து விழுந்தன. இவற்றில் எதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டுகளிலும் காற்றைக் கெடுத்தது அடுப்பு, சுவரல்ல. அதற்கு மருந்தாக வந்ததும் பெரிய ஜன்னல் அல்ல, கேஸ் அடுப்பு.

வெள்ளத்துக்குப் பின் எழுந்த நகரம் சிமென்டை நம்பியது. அதில் தவறு காண்பதற்கில்லை. கான்கிரீட்டும் காற்றில் பெரிதாக எதையும் விடுவதில்லை. சிக்கல் அதற்குள் நாம் கொண்டுவந்து வைத்த சரக்கில் தொடங்கியது. யூரியா-பார்மால்டிஹைடு பிசினில் ஒட்டிய பிளைவுட், எம்டிஎஃப் பலகை, கரைப்பான் கலந்த பெயின்ட், பாலிஷ் எல்லாம் உள்ளே வந்தன. பலகையிலிருந்து பார்மால்டிஹைடு ஆண்டுக்கணக்கில் கசியும். வெப்பமும் ஈரமும் ஏறினால் கசிவும் ஏறும். அதாவது புனேயின் ஏப்ரலும் ஜூலையும் அதற்கு ஏற்ற காலம். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இதே காலத்தில்தான் ஸ்பிளிட் ஏசியும் வந்து ஜன்னலைச் சாத்தியது. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது.

‘அப்படியானால் புதுக்காற்று விட்டால் தீர்ந்தது’ என்று சொல்லத் தோன்றும். அமெரிக்கர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தை மிச்சப்படுத்த, குளிர்சாதன, காற்றோட்டப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு வகுத்த 1981 விதி புகைபிடிக்காத இடங்களில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி புதுக்காற்று போதும் என்றது. மூடிய அலுவலகங்களில் தலைவலி, கண்ணெரிச்சல் புகார்கள் குவிந்தன. 1989-ல் அந்தக் குறைந்தபட்ச அளவை 15 ஆக்கினார்கள். ஒவ்வொரு கன அடியையும் குளிர்வித்து ஈரம் நீக்க மின்சாரம் வேண்டும். புனேயில் இன்னொரு கேள்வியும் உண்டு: சாலைப் புகையும் கட்டுமானத் தூசியும் மிதக்கும் வெளிக்காற்றைத் திறந்துவிட்டால் என்ன லாபம்? நியாயமான கேள்விதான். ஆனால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. உள்ளே கசியும் பொருள் குறைந்தால் வெளியிலிருந்து வாங்க வேண்டிய காற்றும் குறையும், வடிகட்டும் செலவும் மின்கட்டணமும் குறையும். குளிர்விக்கவும் எப்போதும் ஏசி தேவையில்லை: கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஆண்டில் பல மாதம் இரவுக்காற்றே வீட்டைக் குளிர்விக்கப் போதும்.

கசிவு குறைந்த பலகைக்கும் பெயின்ட்டுக்கும் விலை அதிகம், யாரும் கேட்பதில்லை என்பார்கள். பெயின்ட்டில் காரீயத்தைக் குறைக்கச் சொன்னபோதும் தயங்கியவர்கள் உண்டு. 2017 நவம்பர் 1 முதல் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தது, பெயின்ட் விற்பனை நின்றுவிடவில்லை. வாடாவைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. அலமாரி செய்யத் தச்சரிடம் பேசும் நாளில் பலகையின் பார்மால்டிஹைடு வெளியேற்றத் தரம் என்ன என்று கேளுங்கள். எழுத்தில் காட்டாத பலகையை வாங்காதீர்கள். புது வீட்டுக்குப் பெயின்ட் அடித்த கையோடு குழந்தையோடு குடிபோகாமல், ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சில வாரம் பொறுங்கள்.