தாராவிக்கு வந்த தொழுநோய் மருத்துவர்

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் சங்கங்களை எழுதுவார்கள், கோவில்களை எழுதுவார்கள், தோல் பதனிடும் கிட்டங்கிகளையும் எழுதுவார்கள். நோயை எழுதுவதில்லை. அதிலும் தொழுநோய் என்றால் வாயே திறக்க மாட்டார்கள். நம்மவர்கள் அதைப் 'பெருவியாதி' என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்லிப் பழக்கம். ஆனால் இந்த நகரத்தின் தொழுநோய் வரலாற்றில் பெரும்பகுதி மாதுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் இடைப்பட்ட சிறு வட்டத்துக்குள்தான் நடந்தது. அதில் டாக்டர் ஆர். கணபதியின் பெயரைச் சொல்லாமல் விட முடியாது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1890-இல் மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த் முயற்சியால் மாதுங்காவில் வீடற்ற தொழுநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்று எழுந்தது. இன்று வடாலாவில் உள்ள ஆக்வொர்த் மருத்துவமனை அதுதான். (மராட்டியப் 'போவாடா' கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் இதே ஆக்வொர்த்தான்! அந்தக் கால அதிகாரிகளின் போக்கே தனி.) தெருவில் திரிந்தவர்களுக்குச் சோறும் கூரையும் கிடைத்தன என்பது உண்மை. நோயாளி ஊரைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது. 1898-இல் வந்த தொழுநோயாளர் சட்டம் அதற்கு அரசு முத்திரை குத்தியது. அந்தச் சட்டம் 2016 வரை ஏட்டில் இருந்தது.

கணபதி இந்த ஆக்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றியவர். நோயாளி படியேறி வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும் என்பது அங்கே இருந்த எவருக்கும் தெரிந்ததுதான். வருவதற்குத் தாமதம் ஏன்? முதலில் தெரிவது வெளிறிய ஒரு தேமல். அரிக்காது, வலிக்காது. 'தேமல்தானே' என்று விட்டுவிடுவோம். கிருமி உள்ளே நரம்பைத் தின்றுகொண்டிருக்கும். முழங்கை நரம்பு கெட்டால் சுண்டுவிரல் மரத்துப்போகும், பிறகு மடங்கும். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குகிற பெண்ணுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டில் சந்தேகம் வரும். அப்புறம் தனித் தட்டு, தனித் தம்ளர், கடைசியில் தனி மூலை. எனக்குத் தெரிந்த வீட்டிலேயே இது நடந்ததுண்டு.

1976-இல் கணபதி பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அலுவலகம் சயான்-சூனாபட்டியில், தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவே. நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் பள்ளிப் பிள்ளைகளின் தோலைப் பரிசோதிப்பது, குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் பார்ப்பது என்று போனார்கள். தாராவி அவர்களுடைய முக்கியக் களம். நம் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் வேலையில் சேர்ந்தவர்கள் நிறைந்த இடம் அது. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் வாழும் சந்தில் ஒருவரைத் தனியாக அழைத்துச் சட்டையைக் கழற்றச் சொல்வது லேசான காரியமா? பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். ஒரு பிள்ளைக்கு நோய் என்று சொன்னால் குடும்பம் முழுவதும் அஞ்சும். மருத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது, ரகசியம் காக்கவும் தெரிய வேண்டும்.

மருந்து விஷயத்திலும் காலம் கைகொடுத்தது. 1940-களில் வந்த டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. கிருமியும் அதற்குப் பழகிவிட்டது. 1981-இல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார நிறுவனக் குழு ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. கிருமி குறைந்தவர்களுக்கு ரிஃபாம்பிசினும் டாப்சோனும் ஆறு மாதம் போதும் என்றார்கள். மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசினைப் பணியாளர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். தாராவிச் சந்துகளில் இந்தக் கூட்டு மருந்தைச் சேர்த்தவர்களில் கணபதியின் குழு முக்கியமானது. அதிலும் ஒரு சிக்கல்: குளோஃபசிமின் சாப்பிட்டால் தோல் கறுக்கும். 'ஏன்டி இப்படிக் கறுத்துட்டே?' என்று எதிர்வீட்டுக்காரி கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பயந்தே மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு.

நல்ல டாக்டர் என்றால் நாம் கைராசியைப் பேசுவோம், வீட்டையும் ஊரையும் பேசுவோம். கணபதியின் தொண்டை நான் எடைபோடுவது வேறு விதமாக. காப்பகத்தின் காலத்தில் சிகிச்சை என்றாலே குடும்பத்தைப் பிரிவது. இவர்கள் கொண்டுவந்த முறையில் அப்பன் வேலைக்குப் போய்க்கொண்டே, அம்மா சமைத்துக்கொண்டே குணமாக முடிந்தது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் அபாயம் போய்விடுகிறது. சட்டத்துக்கு மட்டும் இது புரிய வெகுகாலம் ஆயிற்று. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்றது. அந்த வாசகம் நீங்கியது 2019-இல்!

2005 இறுதியில் நாடு முழுவதற்குமான சராசரி, பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. 'ஒழிந்தது' என்று பத்திரிகைகள் எழுதின. புதிய நோயாளிகள் வருவது நிற்கவில்லை. கிருமி செத்த பிறகும் மரத்துப்போன கால் மரத்ததுதான். முள் குத்தினாலும் தெரியாத அந்தக் கால்களுக்கு நுண்ணறை ரப்பர் செருப்பு வேண்டும், புண்ணைத் தினமும் பார்த்துக் கழுவக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த ஊனப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது கணபதி தொடங்கிய திட்டம்.