உப்புத்தாளும் குருந்தமும்

சென்ற ஆடி மாதம் ஒரு மெஷின் வாங்குவதற்காகக் கம்பாரடிவ் ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதிய முதல் ஸ்டேட்மென்ட் அது. மூன்று கொட்டேஷன், ஏழு காலம், கீழே கையொப்பத்துக்கு இடம். பழக்கம் விடுமா?

கேட்டது முத்தியால்பேட்டையில் மரப்பட்டறை வைத்திருக்கும் பிள்ளை. அவனுடைய அப்பாவை நான் ஆசாரி அண்ணன் என்றுதான் சிறு வயதிலிருந்து கூப்பிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவருக்குப் பதினெட்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர்களுடைய பட்டறை. காலையில் பிரெஞ்சில் பாடம், மாலையில் அங்கே மரத்தூள் குவியலில் உட்கார்ந்து தமிழில் வேடிக்கை. வாத்தியார் "பப்பியே தெ வெர்" என்று சொல்லிக் கொடுத்ததை அண்ணன் "உப்புத்தாள்" என்பார். கண்ணாடித் தாள் என்பது பிரெஞ்சுப் பெயர். கண்ணாடியை நொறுக்கிக் காகிதத்தில் பசை போட்டு ஒட்டிய காலத்தில் வந்தது. நம் ஆட்களுக்கு அது உப்பைத் தூவியது போலத் தெரிந்திருக்கிறது. இரண்டும் சரிதான்.

ஒரு தங்கும் விடுதிக்காரர் பழைய பாணியில் நாற்காலிகளும் கை நீண்ட சாய்வு நாற்காலிகளும் கேட்டிருக்கிறார். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கட்டிடத்துக்கு. கையால் தேய்த்து முடிக்கவே முடியாது. அதற்காகத்தான் ஸ்பிண்டில் சாண்டர். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் இரும்பு மேசை, நடுவில் ஓட்டை. அதிலிருந்து குழவியை நட்டு வைத்தது போல ஓர் உருளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். உருளைக்கு உப்புத்தாளில் சட்டை. மோட்டார் அதைச் சுழற்றும். சுழலும்போதே அது மெதுவாக மேலும் கீழும் ஏறி இறங்கும். வளைந்த மரத்தை அதன் மேல் சாய்த்து நகர்த்தினால் உள்வளைவெல்லாம் வழவழப்பாகிவிடும்.

நம் ஊர் நாற்காலிக்கு இந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினைந்தாம் லூயி பிரான்சில் அரசனாக இருந்தது 1715 முதல் 1774 வரை. துய்ப்ளெக்ஸ் இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. புதுச்சேரி செழித்த காலமும் பாரிசில் நேர்க்கோடே பிடிக்காத காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அந்தப் பாணி நாற்காலியின் காலை "பியே தெ பிஷ்" என்பார்கள், பெண்மானின் கால். மேலே புடைத்து, நடுவில் இளைத்து, கீழே வெளிப்பக்கம் திரும்பும். அடுத்த லூயி வந்ததும் கால்கள் நிமிர்ந்துவிட்டன. பாரிசில் மோஸ்தர் போன பிறகும் நம் ஆசாரிமார் தோதகத்தியிலும் தேக்கிலும் மான் காலைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். நேர்க்காலை இழைப்புளி போட்டு முடித்துவிடலாம். மான் காலை உளியும் அரமும் பாதிதான் முடிக்கும். மீதி முழுக்கத் தேய்ப்பு.

உப்புத்தாள் வருவதற்கு முன்னால் எதை வைத்துத் தேய்த்தார்கள்? பிரான்சின் எபெனிஸ்த் சுறா இனத்து மீன் தோலையும், பிரேல் என்ற சொரசொரப்பான தண்டுள்ள செடியையும் வைத்துத் தேய்த்தான். நம் பக்கத்தில் பராய் இலை. திருச்சிக்கு மேற்கே திருப்பராய்த்துறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கோயிலின் தல மரம் அது. இலையைத் தடவிப் பாருங்கள், பூனை நாக்கு மாதிரி இருக்கும். மரச்சாமானும் தந்தமும் அதால் மெருகேறின. பிறகு லண்டனில் ஜான் ஓக்கி 1833-ல் கண்ணாடித் தாளைத் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் என்பவர் காப்புரிமை வாங்கினார்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான ஒரு பொருள் நம் மண்ணில் கிடந்தது. குருந்தம். சேலம், நாமக்கல் பக்கத்தில் கிடைக்கும் கல். வைரத்துக்கு அடுத்த கடினம். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துத்தான் சாணைச் சக்கரம் செய்தார்கள், கத்திக்கும் ரத்தினத்துக்கும். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடிய பூர்னோன் பிரபு என்ற கனிம அறிஞரும், கிரெவில் என்ற ஆங்கிலேயரும் 1798-ல் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதினார்கள். ஆங்கிலத்தில் கொரண்டம், பிரெஞ்சில் கொரேன்தோன். சிறு வயதில் கனிமங்களின் கடினப் பட்டியலை ஒப்பிக்கும்போது ஒன்பதாவதாக "கொரேன்தோன்" என்று மூக்கால் சொல்லி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அது நம் குருந்தம் என்று எனக்குத் தெரிந்தது ஐம்பது வயதுக்கு மேல், ஆங்கில அகராதியில் வேறு எதையோ தேடப்போய்.

குருந்தத்தைத் தேடி ஏமாந்த கதையும் உண்டு. 1902-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஐந்து பேர் சேர்ந்து குருந்தம் வெட்ட ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். வெட்டிய பிறகு பார்த்தால் அது அனார்த்தோசைட் என்ற வேறு கல், தேய்ப்புக்கு உதவாது. அந்தக் கம்பெனிதான் பின்னால் உப்புத்தாள் செய்து பிழைத்துப் பெரிதான 3எம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இந்த இரண்டு கல்லும் ஒன்றாகவே கிடக்கின்றன. நிலவில் இறங்கும் வண்டியைச் சோதிக்க நிலவு மண் மாதிரி வேண்டும் என்று நம் விண்வெளி விஞ்ஞானிகள் அரைத்தது அந்தச் சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டைத்தான்.

1891-ல் ஆச்சசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் ஒரு கடினமான பளபளப்புத் தூளைச் செய்தார். கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று நினைத்துக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அதில் குருந்தமே இல்லை, பெயரில் மட்டும் நம் சொல் ஒட்டிக்கொண்டது. சென்னையில் முருகப்பா குழுமத்தார் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது 1954-ல், பிரெஞ்சுக் கொடி இங்கே இறங்கிய அதே வருஷம். இன்று ஸ்பிண்டில் உருளையில் போடும் பழுப்புச் சட்டையில் இருப்பதோ செயற்கைக் குருந்தம்தான், அலுமினியம் ஆக்சைடு. அதைச் செய்வது பாக்சைட்டிலிருந்து. பாக்சைட் என்ற பெயர் தென் பிரான்சில் லெ போ என்ற மலைக் கிராமத்திலிருந்து வந்தது. இதை நான் பட்டறையில் சொன்னபோது பிள்ளை, "ஐயா, மோட்டார் எத்தனை ஹெச்.பி. எடுக்கலாம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

மூன்று கொட்டேஷனுக்கு வருகிறேன். ஒன்று, மேசை மேல் வைக்கும் சின்ன மெஷின், விலை குறைவு. இரண்டாவது, தரையில் நிற்கும் பெரியது, வார்ப்பிரும்பு மேசை, ஒரு குதிரை சக்தி மோட்டார். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து கழித்துக் கட்டிக் கப்பலில் வந்த பழைய மெஷின், பெரியதுதான், பாதி விலை.

முப்பத்தைந்து வருஷம் குறைந்த விலைக்காரனுக்கே டிக் போட்டவன் நான். ஒருமுறை அப்படி டிக் போட்டு வாங்கிய பீரோக்களின் கதவு ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, கோப்புகளைக் கரையான் தின்றது. விதிப்படி என் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்தக் கோப்புகளில் நிலப்பட்டா மனுக்கள் இருந்தன.

ஆகவே இந்த முறை விலையைக் கடைசிக் காலத்தில் போட்டேன். மூன்றாவதை முதலில் தள்ளினோம். அது 110 வோல்ட், 60 சைக்கிள் ஊரில் செய்தது. வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். நம் மின்சாரம் 50 சைக்கிள், அதை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. நிமிஷத்துக்கு 1725 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் 1440-க்கு இறங்கும், வேகம் மட்டுமல்ல, ஏற்ற இறக்கமும் மந்தமாகும், வோல்டேஜைச் சரியாகக் குறைக்காவிட்டால் சூடேறும். மோட்டாரையே மாற்றினால் பாதி விலை முழு விலையாகிவிடும்.

சின்னதா பெரியதா என்பதில்தான் இழுபறி. மான் காலைப் படுக்க வைத்துத் தேய்க்கச் சின்ன மெஷினின் உருளை உயரமே போதும் என்றான் பிள்ளை. அதுவும் உண்மை. அப்போது திண்ணையில் இருந்த ஆசாரி அண்ணன் எழுந்து உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார். ஆறு உருட்டுக் குச்சிகள். பென்சில் கனத்திலிருந்து முன்கை கனம் வரை. ஒவ்வொன்றிலும் உப்புத்தாளைச் சுற்றி வளைவுக்கு வளைவு தேய்த்தவை, கைபட்டு மெழுகு போலக் கறுத்திருந்தன. அவர் தாத்தா காலத்துக் குச்சியும் அதில் உண்டு. "இதுல எது அந்த மிஷின்ல இல்லையோ அது ஆகாது" என்றார். பெரிய மெஷினுக்குக் கால் அங்குலத்திலிருந்து நாலு அங்குலம் வரை உருளைகள். ஆறும் அடங்கின. சின்னதில் முன்கை கனக் குச்சிக்கு இணை இல்லை. சாய்வு நாற்காலியின் கையோ நாலடி நீளம். அதைச் சின்ன மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் தொங்கி ஆடும், ஆடினால் வளைவில் பள்ளம் விழும்.

ஏற்ற இறக்கம் எதற்கு என்று நான் கேட்டதற்கும் அவரே குச்சியை வைத்துக் காட்டினார். ஒரே இடத்தில் சுற்றினால் தாளின் ஒரு பட்டைதான் தேயும், தேக்கின் எண்ணெய் அதில் அடைந்துகொள்ளும், மரம் கருகும், கோடு விழும். அவர் கை தேய்க்கும்போதே சாய்வாக மேலேறிக் கீழிறங்கியது. அறுபது வருஷமாக அப்படித்தான் போயிருக்கிறது. சும்மா டிரில்லிங் மெஷினில் உருளை மாட்டிச் செய்யலாம் என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. பக்கவாட்டில் அழுத்தினால் அதன் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதியோர் பென்ஷனுக்குக் கைரேகை வைக்க அண்ணனை நான்தான் அழைத்துப் போனேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பதியவில்லை. விரல் நுனி கண்ணாடி மாதிரி. மரத்தைத் தேய்த்த தாள் அவரையும் தேய்த்திருக்கிறது. "அடுத்த வாரம் வாங்க" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர். அதே வாக்கியத்தை அதே குரலில் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். மூன்றாம் வாரம் கருவிழியைப் படமெடுத்து ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தார், "திருடப் போனாலும் என்னைப் பிடிக்க முடியாது தம்பி." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைக்கு விரல் நன்றாக இருக்கிறது. இருமல்தான். தோதகத்தி அறுக்கும் வாரத்தில் கண் சிவந்து மூக்கு அடைத்துக்கொள்ளும். கையால் தேய்த்தால் தூள் காலடியில் விழும், மெஷினில் தேய்த்தால் மாவு மாதிரி காற்றில் நிற்கும். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று நாற்காலிக்குப் பேர்போன ஊர். அங்கே எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற பெண் மருத்துவர், அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் மரவேலைக்காரர்களுக்கே அதிகம் வருவதைக் கண்டுபிடித்தார். 1968-ல் அதை வெளியிட்ட குழுவின் தலைவர் பெயரும் ஆச்சசன், கார்போரண்டம் ஆச்சசன் அல்ல, ஒரு மருத்துவர். 1995-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இதை ஸ்டேட்மென்ட்டின் ஏழாவது காலத்தில் எழுதினேன். பெரிய மெஷினின் கீழ்ப்பெட்டியில் தூள் உறிஞ்ச நாலு அங்குல வாய் உண்டு. உறிஞ்சும் இயந்திரம் தனி, அதுவும் சேர்ந்தால் பட்ஜெட் தாண்டுகிறது. "மெஷினை இப்ப எடுத்துக்கலாம் ஐயா, டஸ்ட் கலெக்டரை தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். என் கையெழுத்து அவனுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவனும் கேட்டான். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் விடுதிக்காரரிடம் முன்பணம் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கிறான், கொடுத்துவிட்டார்.

மெஷினும் கலெக்டரும் ஒரே வண்டியில் வந்தன. முதல் காலைத் தேய்த்துப் பிள்ளை அப்பாவிடம் நீட்டினான். அவர் விரலால் தடவவில்லை, மணிக்கட்டின் உள்பக்கத்தால் மெதுவாக இழுத்துப் பார்த்தார். "கணுக்கால்ட்ட இன்னும் ரெண்டு இழு" என்றார். பிறகு உருளைச் சட்டை வந்த அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இது என்ன பொடி என்று கேட்டார். குருந்தம் என்றேன்.

"அட, சாணைக்கல்லா? அதுக்கு இந்த விலையா?"