உழைப்புவழித் தடிப்பு: வரையறையும் வகைமையும்

1. வரையறை

உடற்பயிற்சியின்போதோ அது முடிந்த சிறிது நேரத்திலோ தோலில் அரிப்புடன் எழும் தடிப்பை ‘உழைப்புவழித் தடிப்பு’ என இக்கட்டுரையில் வழங்குவோம். தடிப்பாவது, உட்தோலின் மேற்பகுதியில் நீர் கசிந்து எழுந்து, 24 மணி நேரத்துக்குள் தழும்பின்றி மறையும் வீக்கம். மக்கள் வழக்கில் காணாக்கடி. தடிப்பே இல்லாமல் அரிப்பு மட்டும் தோன்றுவதும் உண்டு. அது இங்கே ஆராயப்படவில்லை.

2. காரணம்

தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. அது நுண்குழாய்களை விரிப்பதால் சிவப்பும், அவற்றின் சுவரைக் கசியச் செய்வதால் வீக்கமும், நரம்பு முனைகளைத் தூண்டுவதால் அரிப்பும் உண்டாகின்றன. இந்த இறுதிப்படி எல்லா வகைக்கும் பொது. வேறுபடுவது தூண்டும் காரணமே. உழைப்பில் உடல் சூடாகிறது, வியர்க்கிறது, தசைகளும் இயங்குகின்றன. இவற்றுள் எது தூண்டியது என்னும் வினாவே வகைப்பாட்டின் அடிப்படை.

3. வகைகள்

(அ) வெப்பவழித் தடிப்பு: இதனை 1924இல் டியூக் விவரித்தார். மருத்துவர்கள் கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா என்பர். உடலின் உள்வெப்பம் உயர்வதே காரணமாதலால், ஓட்டம் மட்டுமன்றி வெந்நீர்க் குளியல், காரமான உணவு, மனக்கொதிப்பு ஆகியவையும் இதை எழுப்பும். பொதுவாக 1 முதல் 3 மி.மீ. அளவுள்ள புள்ளித் தடிப்புகள் செம்மை சூழ எழுந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். இளம் வயதினரிடம் மிகுதி. வியர்வைச் சுரப்பியை இயக்கும் அசிட்டைல்கோலினுக்கு இதில் பங்குண்டு. சிலருக்குத் தம் வியர்வையே ஒவ்வாததாகிறது. வேறு சிலருக்கு வியர்வை குறைந்திருக்கிறது.

(ஆ) உழைப்புவழிப் பெருஒவ்வாமை (அனஃபிலாக்சிஸ்): ஷெஃபரும் ஆஸ்டினும் 1980இல் 16 நோயாளிகளைக் கொண்டு இதைத் தனி நோயாக நிறுவினர். தடிப்புகள் பெரும்பாலும் 10 மி.மீ.க்கு மேற்பட்டவை. தோலோடு நில்லாமல் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாக்கவல்லது.

(இ) உணவுசார் உழைப்புவழிப் பெருஒவ்வாமை: முந்தையதன் உட்பிரிவு. குறிப்பிட்ட உணவைத் தனியே உண்டால் தீங்கில்லை. தனியே உழைத்தாலும் தீங்கில்லை. உண்டபின் உழைத்தால் தாக்கும். கோதுமையிலுள்ள ஒமேகா-5 கிளையாடின், ஓடுடைய கடலுணவு ஆகியன நன்கறிந்த காரணங்கள். ஆஸ்பிரின் இத்தாக்கத்தை எளிதாக்கும்.

4. பெருஒவ்வாமையின் நிலைகள்

முதலில் சோர்வு, உடல் காந்தல், அரிப்பு, தோல் சிவத்தல்; அடுத்துத் தடிப்பு; மூன்றாவதாகத் தொண்டை வீக்கம், வயிற்றுவலி, மயக்கம்; இறுதியில் சிலருக்கு ஒன்று முதல் மூன்று நாள் நீடிக்கும் தலைவலி. எல்லோரிடமும் நான்கு நிலைகளும் நிகழா. முதல் நிலையிலேயே உழைப்பை நிறுத்துவது தாக்கத்தைத் தணிக்கக்கூடும்.

5. கண்டறியும் முறை

தடிப்பின் அளவு மட்டும் போதிய சான்றாகாது. பெருஒவ்வாமையிலும் அரிதாகச் சிறு தடிப்புகள் எழுவதுண்டு. எனவே வெப்பத்தையும் உழைப்பையும் பிரித்தே சோதிக்க வேண்டும். முதலில் உடற்பயிற்சிச் சோதனை. அதில் தடிப்பு எழுந்தால், மற்றொரு நாள் அசைவின்றி 42 பாகை செல்சியஸ் வெந்நீரில் அமர்த்தி, உள்வெப்பத்தை 1 பாகையேனும் உயர்த்துவர். அப்போதும் எழுமாயின் அது வெப்பவழி. எழாவிடின் பெருஒவ்வாமையை ஐயுற வேண்டும். இவை அவசர மருத்துவ வசதியோடு மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்யத்தக்கவை.

6. காப்பு

வெப்பவழித் தடிப்புக்கு உறக்கம் மிகுவிக்காத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் முதல் மருந்து. அவை பயனளிக்காவிடில் ஒமாலிசுமாப் ஊசி சிலருக்கு உதவுகிறது. இவ்வகையினருள் பலர் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. பெருஒவ்வாமையில் மாத்திரையை நம்பியிருத்தல் ஆகாது: அட்ரினலின் ஊசி கையிலும், அதைத் தொடையில் செலுத்தத் தெரிந்த துணை அருகிலும் இருக்க வேண்டும். உணவுசார் வகையினர் அவ்வுணவை உண்டபின் குறைந்தது நான்கு மணி நேரம் உழைப்பைத் தவிர்ப்பர். ஆதலின் பயிற்சி தகுமா தகாதா என்னும் வினாவை வகை தெளிந்த பின்னரே எழுப்புதல் முறை.