முத்துப்பார்களும் கடல் நீரோட்டமும்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு எதிரேயும் இலங்கையின் சிலாவத்துறைக்கு எதிரேயும் உள்ள ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பிகள் சில ஆண்டுகள் செழிப்பதும், பிறகு நெடுங்காலம் அற்றுப்போவதும் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பை நம்பியிருந்தோரைப் பன்னெடுங்காலம் வாட்டின. இதன் காரணத்தை அறிய, 1902-இல் உயிரியலாளர்கள் வில்லியம் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும் இலங்கைப் பார்களை ஆராயத் தொடங்கினர். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி, அதாவது கண்ணுக்குப் புலப்படாத சிப்பிக்குஞ்சு, சில வாரங்கள் நீரில் மிதந்து, பருவக்காற்றோடு திசைமாறும் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பாறை கிட்டினால் நார் இழைகளால் பற்றிக்கொள்ளும். மணலில் விழுந்தால் பெரும்பாலும் மடியும். தூத்துக்குடிப் பார்களில் 1961-க்குப் பின் குளிப்பு நடைபெறவில்லை. 1986-இல் தமிழ்நாடு அரசு இவ்வளைகுடாவிலுள்ள 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது மிக நல்ல செயலே; எனினும் மிதக்கும் குஞ்சுகளுக்குக் கடல் எல்லை இல்லையாதலால், இருகரைக் காப்பிடங்களையும் ஒருங்கே திட்டமிடுவது இன்றியமையாதது.