மூன்றாவது குழந்தை: கட்டுப்படியாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஓர் இளம் தம்பதியர் நம்மைப் பார்க்கக் காத்திருந்தார்கள். கூடவே இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறவர். மனைவி ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் ஆசிரியை.

"சாமி, இன்னொரு பிள்ளை வேணும்னு எனக்கு ஆசை. இவ பயப்படுறா. கட்டுப்படியாகுமான்னு எனக்கும் தெரியல" என்றார் கணவர்.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் தம்பி" என்று நாமும் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டோம்.

மனைவி தலையைக் குனிந்தபடியே, "குடத்தைத் தூக்கிட்டுப் போறது நாங்கதானே சாமி" என்றார்.

அந்தச் சகோதரி சொன்னதில் தவறில்லை. இறைவனின் பராமரிப்பை நம்புவது வேறு, கணக்குப் பார்க்காமல் இருப்பது வேறு. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டாரா என்று கேட்டவர் நம் ஆண்டவர்தாம் (லூக்கா 14:28). சீடத்துவத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட உவமை அது. ஆனாலும் உட்கார்ந்து கணக்கிடுவது விசுவாசக் குறைவு அல்ல என்பதை அது நமக்குக் காட்டுகிறது. அன்று அந்தத் தம்பதியரோடு உட்கார்ந்து நாம் கற்றுக்கொண்டதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

திருச்சபை சொல்வது என்ன?

"முடிந்த மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் திருச்சபையின் போதனை" என்று நம்மவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

1951ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பயஸ் பேறுகால மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில், உடல்நலம், பொருளாதாரம், சமூகச் சூழல் போன்ற தக்க காரணங்களால் தம்பதியர் குழந்தைப்பேற்றைத் தவிர்க்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டு (எண் 50) இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தங்கள் நலம், பிறந்த பிள்ளைகளின் நலம், பிறக்கப்போகும் பிள்ளைகளின் நலம், காலத்தின் பொருள்நிலை, ஆன்மிக நிலை ஆகிய அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்து, இறைவன் திருமுன் முடிவெடுக்க வேண்டியவர்கள் தம்பதியரே என்பது அதன் போதனை. மாமியார் அல்ல, அரசு அல்ல, பங்குத்தந்தையும் அல்ல.

1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வித்தே' சுற்றுமடல் (எண் 10) இதையே 'பொறுப்புள்ள பெற்றோர்நிலை' என்கிறது. தாராள மனத்தோடு அதிகப் பிள்ளைகளை ஏற்பதும் பொறுப்புத்தான். தக்க காரணம் இருந்து, அறநெறிக்கு உட்பட்டு, சில காலத்திற்கோ காலவரையின்றியோ அடுத்த பிறப்பைத் தவிர்ப்பதும் பொறுப்புத்தான். 2015 சனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப்போலப் பெருக வேண்டியதில்லை என்று சொன்னதை நாளிதழ்கள் பெரிதாக வெளியிட்டன. அதே வாரம் புதன் மறைக்கல்வி உரையில் அவர் பெரிய குடும்பங்களைப் பாராட்டிப் பேசியதைப் பலர் கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எண்ணிக்கையைத் திருச்சபை விதிக்கவில்லை. ஆனால் வழிமுறையைப் பற்றிப் பேசுகிறது. செயற்கைக் கருத்தடையையும் கருத்தடை அறுவையையும் அது ஏற்பதில்லை. பெண்ணின் வளமான நாள்களை அறிந்து நடக்கும் இயற்கை முறைகளையே பரிந்துரைக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதியர் ஜான் பில்லிங்ஸ், எவ்லின் பில்லிங்ஸ் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை இவற்றில் ஒன்று. இதைத் தகுந்தவர்களிடம் இருவரும் சேர்ந்து கற்க வேண்டும். கணவர் ஒத்துழைக்காவிட்டால் இது சுவரில் தொங்கும் வெறும் அட்டவணைதான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றின்படி (2019–21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நம் பங்கு மக்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இரண்டாம் பிரசவத்திற்குப் போன இடத்திலேயே, சிந்திக்க நேரம் இல்லாமல் கையொப்பம் இட்டவர்கள் பலர். அவர்களைக் குற்றவாளிகளாக்குவது நம் நோக்கம் அல்ல. முடிவைப் பிரசவ அறைக்கு முன்னரே, வீட்டில், இருவருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும்

1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகம் சுவர்களிலும் லாரிகளின் பின்புறத்திலும் எழுதப்பட்டிருந்ததை நம் தலைமுறை நன்கு அறியும். இன்று நிலை மாறிவிட்டது. மேற்சொன்ன ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில், அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்ற எண்ணம் வருகிறது என்று பேசினார்.

நாடாளுமன்றத்தில் எத்தனை இடம் என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அதற்காக ஒரு தாய் பிள்ளை பெற வேண்டியதில்லை. முன்பு "போதும்" என்று சொன்ன குரலும், இப்போது "இன்னும்" என்று சொல்லும் குரலும் பால் வாங்கிக் கொடுக்கப் போவதில்லை.

மேலும், சட்டங்கள் பலவும் இன்னும் இரண்டு பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. பேறுகாலப் பலன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமானது. ஆனால் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 12 வாரம்தான். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே அளவையே வைத்திருக்கிறது. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் முதல் இரண்டு பேறுகளுக்கென்று வகுக்கப்பட்டது. பழைய வருமான வரிமுறையில் கல்விக் கட்டணத்திற்கான கழிவும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே. அலுவலகக் குழு மருத்துவக் காப்பீடு மூன்றாவது பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாளில் எழுதிப் பாருங்கள்

அந்தத் தம்பதியரை அறைக்கு அழைத்து, ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னோம். கணவரின் சம்பளம் 22,000 ரூபாய். மனைவியின் சம்பளம் 9,000. ஆக 31,000. செலவில் வாடகை 6,000. மளிகை, பால், காய்கறி 10,000. கேஸ், மின்சாரம், செல்போன் 2,000. இரு பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 6,500. பைக் கடன் 2,500. மகளிர் குழுக் கடன் 1,500. ஊரிலிருக்கும் பெற்றோரின் மருந்துக்கு 1,500. மொத்தம் 30,000. மிச்சம் ஆயிரம் ரூபாய். ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் போய்விடும்.

பால், துணி, தடுப்பூசி என்று குழந்தையின் செலவைத்தான் கணவர் எண்ணிக்கொண்டிருந்தார். அது பெரிதல்ல. தாய்ப்பாலுக்கு விலையில்லை. தேசியத் திட்டத்தில் உள்ள தடுப்பூசிகள் அரசு மருத்துவமனையில் இலவசம். அக்காக்களின் துணி இருக்கிறது. பெரிய செலவு வேறொன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் மனைவியின் 9,000 ரூபாய் நின்றுவிடும். வீட்டுக் கணக்கில் எட்டாயிரம் பள்ளம் விழும். அவர் பயந்தது இதற்குத்தான். ஆனால் அதை அவர் அதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை, கணவரும் கேட்கவில்லை.

தாளில் எழுதியதால் இன்னொன்றும் தெரிந்தது. எல்லாச் செலவும் ஒரே வகை அல்ல. வாடகை, அரிசி, பெற்றோரின் மருந்து ஆகியவை தவிர்க்க முடியாதவை. கடன்கள் ஒருநாள் முடியும். அவை முடிந்தால் மாதம் 4,000 ரூபாய் கைக்கு வரும். பள்ளிக் கட்டணம் நாம் தெரிந்தெடுத்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் சேர்த்தால் பெரும்பகுதி குறையும். பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றோரின் உரிமை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் "வசதியில்லை" என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு உண்மையான தேவை, எவ்வளவு பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. புதுநன்மை விழாவுக்கும் பூப்புனித விழாவுக்கும் வட்டிக்குக் கடன் வாங்கும் ஊரில் இக்கேள்வி நம் எல்லாருக்கும் உரியது.

பணத்தில் அடங்காதவை

முதலாவது, தாயின் உடல். 2019–21 ஆய்வின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவை மூலம் நடந்தவை. இரண்டு முறை சிசேரியன் ஆனவர்களுக்கு, நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் ஒட்டி ஆழமாக ஊன்றிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. பிரசவத்தின்போது பெருமளவு இரத்தம் இழக்க நேரலாம். ஆகவே, கருவுறுவதற்கு முன்னரே மகப்பேறு மருத்துவரிடம் பழைய கோப்புகளைக் காட்டி, தாயின் வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் அனைத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு பிரசவத்திற்குப் பின் அடுத்துக் கருவுறக் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி விட உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.

இரண்டாவது, மனைவியின் மனம். சுமப்பவர் அவர். இரவில் விழிப்பவரும் பெரும்பாலும் அவரே. அவர் அரைமனத்தோடு தலையாட்டுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது கேள்வி சங்கடமானது. அந்தக் கணவரிடம் கேட்டேவிட்டோம்: "தம்பி, இப்போ இருக்கிற ரெண்டும் பையனா இருந்திருந்தா, மூணாவது கேட்டிருப்பீங்களா?" அவர் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. "அம்மாதான் சாமி சொல்லிக்கிட்டே இருக்காங்க, கொள்ளி வைக்க ஒருத்தன் வேணும்னு" என்றார் கடைசியில். மகளாகப் பிறந்தால் ஏமாற்றத்தோடு வரவேற்கப்போகும் வீட்டில், அந்தக் குழந்தை முதல் நாளிலேயே ஏழையாகிவிடுகிறது. மகனுக்காக மட்டுமே என்றால், அந்தக் காரணம் போதாது.

ஏற்கெனவே கருவுற்றிருந்தால்

இதுவரை சொன்னவை கருவுறுவதற்கு முன் போடவேண்டிய கணக்கு. எதிர்பாராமல் கருவுற்ற பின் நம்மிடம் வரும் குடும்பங்களும் உண்டு. அப்போது கேள்வி மாறிவிடுகிறது. "வேண்டுமா" என்ற கேள்விக்கு இடமில்லை. வந்துவிட்ட உயிரை எப்படிக் காப்பாற்றுவது என்பதே கேள்வி. கருக்கலைப்பைத் திருச்சபை ஒருபோதும் ஏற்பதில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அந்தத் தாயின் மருத்துவச் செலவு, வேலை இழப்பு, உறவினரின் ஏச்சு ஆகியவற்றில் நாமும் தோள்கொடுக்க வேண்டும்.

பங்கின் கடமை

பிள்ளைகள் ஆண்டவர் அருளும் செல்வம் என்று மேடையில் சொல்லும் நாம், அச்செல்வத்தை வளர்க்கும் செலவில் பங்கெடுக்கிறோமா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகள் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நம்மை விட்டுவிட்டது, நற்செய்தி விடவில்லை. மூன்றாவது பிள்ளைக்குக் கட்டணச் சலுகை, அன்பியங்களில் பேறுகால உதவி, வேலைக்குப் போகும் தாய்மாருக்காகக் கோவில் வளாகத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் ஆகியவை நம்மால் முடியாதவை அல்ல.

அந்தத் தம்பதியர் மருத்துவரைப் பார்த்தார்கள். இரண்டு சிசேரியன், இரத்த அழுத்தம் என்ற காரணங்களால் மருத்துவர் தயங்கினார். வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்து, இயற்கை முறையைக் கற்றுக்கொண்டார்கள். அதே பங்கில், அதைவிடக் குறைந்த வருமானம் உள்ள இன்னொரு குடும்பம் மூன்றாவது பிள்ளையை மகிழ்வோடு வரவேற்றது. பாட்டி பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். தாயும் நலமாக இருந்தார். அக்குழந்தைக்கு நாம்தான் திருமுழுக்குக் கொடுத்தோம். இவர்களில் யாருக்கு விசுவாசம் அதிகம் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை. இரு குடும்பங்களும் உட்கார்ந்து பேசின, செபித்தன, ஒருவர் சுமையை ஒருவர் கேட்டறிந்தனர்.

சிந்திக்க: கடைசியாக நாம் இருவரும் ஒரே தாளில் வீட்டுக் கணக்கை எழுதிப் பார்த்தது எப்போது? நம் துணையின் பயம் எது என்று நமக்குத் தெரியுமா? நம் அன்பியத்தில் பிள்ளை வளர்க்கச் சிரமப்படும் குடும்பம் எது?

நாசரேத்தின் திருக்குடும்பம் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவதாக.